பாக்கெட்டில் ஒரு பழைய வாஷர்!

வாடகை வீட்டுக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு பாத்ரூம் குழாய் ‘டொக்... டொக்...’ என்று சொட்டினால், எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து படுப்பவர்கள் முதல் வகை. குழாய்க்குக் கீழே ஒரு மக்கை நகர்த்தி வைத்துவிட்டு வந்து படுப்பவர்கள் இரண்டாம் வகை. இவர்கள் கொஞ்சம் முற்போக்கானவர்கள்!

மூன்றாவதாக ஒரு வகையும் இருக்கிறது. மறுநாள் காலையில் அந்தக் குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சட்டைப் பட்டன் சைஸ் ரப்பரை மாற்றிவிட்டு, குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வழக்கமான பஸ்ஸைப் பிடிப்பவர்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாம் வகைக்கு ஆள் சேர்ப்பதற்காக எழுதப்படுகிறது. சந்தா கிடையாது. அடையாள அட்டை கிடையாது. ஒருநாள் பாரிமுனைக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

அடியேன் பி.காம்.! எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது. விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. இருபது சொட்டு ஒரு மில்லி என்பது மருந்துக்கடைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் நாளொன்றுக்கு 4 லிட்டர் 320 மில்லி. வருஷத்துக்குச் சுமார் 1,577 லிட்டர். குழாய்ச் சொட்டு, மருந்துச் சொட்டைவிடக் குண்டு என்பதால் இது குறைந்தபட்சக் கணக்குதான்.

‘ப்பூ, இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் 2019ஆம் வருஷத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவும். ஏரிகள் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேகனுக்கு 50,000 லிட்டர். முப்பத்திரண்டு வீட்டுக் குழாய்கள் ஒரு வருஷம் விடாமல் சொட்டினால் அதில் ஒரு வேகன் காலி. உங்கள் அபார்ட்மென்ட்டில் எத்தனை வீடு?

சட்டமும் இந்த விஷயத்தில் நம் பக்கம் இல்லை. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், எந்த ரிப்பேர் யார் தலையில் என்று ஓர் அட்டவணையே போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சுவர், வயரிங், பைப் லைன் எல்லாம் ஹவுஸ் ஓனர் பாடு. குழாய் வாஷர், குழாய், வாஷ்பேசின், சாக்கடை அடைப்பு, ஸ்விட்ச், கதவுப் பூட்டு... இவையெல்லாம் குடியிருப்பவர் பாடு! நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டால் ஓனரே செய்துவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். ஆக, அந்த ‘டொக்... டொக்...’கில் போய்க்கொண்டிருப்பது தண்ணீர் மட்டுமல்ல ஸார், உங்கள் அட்வான்ஸும்தான்.

‘பிளம்பரைக் கூப்பிட்டால் போச்சு!’ என்பீர்கள். கூப்பிடுங்கள். ‘நாளைக்கு வர்றேன் சார்’ என்பார். அந்த நாளை எந்தக் காலண்டரிலும் அச்சாகியிருக்காது. ஏன் வருவதில்லை என்பதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறது. அதைப் பிறகு அவர் வாயாலேயே கேட்போம்.

பெயர் தெரியாத நோய்

எனக்குத் தெரிந்து நம்மைப் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்குக் கையில் வலு இல்லாமல் இல்லை. புத்தியும் இல்லாமல் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சாமானின் பெயர்!

எக்ஸெல் ஷீட்டில் இருபத்தேழு ஃபார்முலா தெரிந்தவன், தெருமுனை ஹார்டுவேர் கடையில் நின்று, ‘அண்ணே, அது... குழாய்க்குள்ள... கறுப்பா... வட்டமா...’ என்று காற்றில் கோலம் போடுவான். கடைக்காரர், ‘அளவு என்ன? லாங் பாடியா, ஷார்ட் பாடியா? ஸ்பிண்டிலா, டிஸ்க்கா?’ என்று நாலு கேள்வி கேட்பார். நம்மாள் ‘அப்புறம் வர்றேண்ணே’ என்று நழுவிவிடுவான். அன்று ராத்திரி மறுபடியும் மக்.

இந்த நோய்க்கு மருந்து பாரிமுனையில் இருக்கிறது. அங்கே போனால் பெயர்களைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ஒரே நிபந்தனை: கெட்டுப்போன சாமானைக் கழற்றி, கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதுதான் பாஸ்போர்ட். அது கையில் இருந்தால் பேச்சே தேவையில்லை.

தெருவுக்கு ஒரு சரக்கு

மெட்ரோவில் ஏறி உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கினால் பாரிமுனை கூப்பிடு தூரம். 1788இல் சென்னைக்கு வந்து வியாபாரம் ஆரம்பித்த தாமஸ் பாரியின் பெயர்தான் முனைக்கு நிலைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான மொத்த வியாபாரக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, கடைகள் திறந்து ஊதுபத்தி வாசனை அடங்குவதற்குள் போய்விடுவது உத்தமம். ‘சார்... வழி, வழி, வழி!’ என்று மீன்பாடி வண்டி பின்னாலிருந்து இடிக்க வரும். வழிவிடாதவர்களுக்கு முழங்காலில் ஒரு முத்திரை குத்தி அனுப்புவார்கள்.

பிராட்வே என்கிற பிரகாசம் சாலையே ஒரு ரிப்பேர் வேலையில் பிறந்த தெருதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்த பள்ளத்தை, ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் தூர்த்துச் சாலையாக்கினார். ‘கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும்’ என்று அவர் விட்டிருந்தால் இன்றைக்கு நாம் அங்கே முழங்காலளவு தண்ணீரில் வாஷர் தேடிக்கொண்டிருப்போம்.

இந்த வட்டாரத்தில் தெருவுக்கு ஒரு சரக்கு. கோடவுன் தெரு என்றால் துணி. ஆண்டர்சன் தெரு என்றால் பேப்பர், கல்யாணப் பத்திரிகை. நைனியப்ப நாயக்கன் தெருவில் நுழைந்தால் கெமிக்கல் நெடி மூக்கைத் துளைக்கும். ஒரே மாதிரி கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வியாபாரம் எப்படி ஆகும் என்று எகனாமிக்ஸ் பேப்பரில் எழுதச் சொன்னார்கள். ஆகும் என்பதற்கு இங்கே இருநூறு வருஷத்து நிரூபணம் இருக்கிறது. இந்தக் கடையில் இல்லாவிட்டால் பையன் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்துவிடுவான்.

நமக்கு வேண்டியவை இரண்டு தெருக்கள். குழாய், பைப் சமாசாரத்துக்குச் செம்புதாஸ் தெரு. ஸ்பேனர், சுத்தியல் வகையறாவுக்கு லிங்கிச் செட்டித் தெரு. இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம்.

ஆபீஸ் மாதிரியே ஒரு பைப் கடை

செம்புதாஸ் தெருவில் ஒரு கடை. அகலம் எட்டடி இருந்தால் அதிகம். ஆழம் மட்டும் சுரங்கம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மரப் பெட்டிகள். எதிலும் லேபிள் கிடையாது. கல்லாவில் வெள்ளைத் தாடி பாய்.

‘இதெல்லாம் என்ன பாய்?’ என்றேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். முழங்கை மாதிரி வளைந்திருப்பது எல்போ. மூன்று பக்கம் வாய் இருப்பது டீ. இரண்டு பைப்பைச் சேர்த்துப் பிடிப்பது யூனியன். பெரிய பைப்பைச் சின்ன பைப்பாக்குவது ரெட்யூசர். எந்தப் பக்கமும் தண்ணீர் விடாமல் சும்மா உட்கார்ந்திருப்பது டம்மி.

யூனியன் இருக்கிறது, டீ இருக்கிறது, ஆளைக் குறைக்க ரெட்யூசர் இருக்கிறது, டம்மியும் இருக்கிறது. ‘அப்படியே எங்க ஆபீஸ் பாய் இது!’ என்றேன். பாய் சிரித்துவிட்டு, ‘ஆபீஸ்ல லீக் ஆனா அடைக்கறதுக்கு ஆள் இருக்காங்களா தம்பி?’ என்றார்.

அந்த நேரம் ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். அறுபது வயது இருக்கும். கசங்கிய பிளாஸ்டிக் கவரை நீட்டினார். வாய் திறக்கவில்லை. பாய் கவரைப் பிரித்தார். உள்ளே பித்தளை ஸ்பிண்டில் ஒன்று. அதை வெளிச்சத்தில் பிடித்து நுனியிலிருந்த பற்களை எண்ணினார். பின்னால் போய் ஒரு பெட்டியில் கைவிட்டு, அதே மாதிரி புதுசு ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அந்த அம்மாள் இரண்டின் உயரத்தையும் விரலால் அளந்து பார்த்து, ‘வாஷர் நாலு சேர்த்துப் போடு’ என்றார். பணம் கொடுத்தார். போய்விட்டார். மொத்தம் இரண்டு நிமிஷம். பாஸ்போர்ட் என்று சொன்னேனே, அது இதுதான்.

‘யார் பாய் அது? பிளம்பர் வீட்டம்மாவா?’

‘இல்ல தம்பி. ராயபுரத்துல ஒரே காம்பவுண்ட்ல ஏழு வீடு வாடகைக்கு விட்டிருக்காங்க. வீட்டுக்காரர் தவறிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுலேருந்து ஏழு வீட்டுக் குழாயும் அவங்க கைதான்.’

குழாய் விஷயத்தில் ஆம்பளைப் பிள்ளை என்று மீசையை முறுக்குபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கையை இறக்கிக்கொள்ளலாம்.

பதினைந்து நிமிஷ வேலை

பாய் சொன்னதையும், நான் என் வீட்டில் வழக்கமாகச் செய்வதையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் அந்தக் குழாய்க்குப் போகும் கேட் வால்வை மூடுங்கள். பாத்ரூமில் வால்வு இல்லாவிட்டால் மொட்டை மாடி டாங்க்கில் இருக்கும். அதை மூடுவதற்கு முன் மற்ற வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாடி வீட்டு மாமா தலையில் ஷாம்பூவோடு இறங்கி வந்தால் கம்பெனி பொறுப்பல்ல.

குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கீழே ஓட்டையை ஒரு துணியால் அடையுங்கள். ஸ்க்ரூ எப்போதும் ஓட்டையை நோக்கித்தான் ஓடும். கைப்பிடியைக் கழற்றி, அதற்குக் கீழே இருக்கும் அறுகோணப் பகுதியை ஸ்பேனரால் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் ஸ்பிண்டில் வெளியே வரும். நுனியில் நசுங்கிப்போன ரப்பர் ஒன்று உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். அதுதான் வாஷர். மாற்றுங்கள். கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டு மூடுங்கள். ரொம்ப முறுக்க வேண்டாம். முறுக்கினால் புது ரப்பரும் சீக்கிரம் நசுங்கும்.

பாதிச் சுற்றிலேயே திறந்து மூடும் புது மாடல் குழாயாக இருந்தால் அதில் வாஷர் கிடையாது. உள்ளே இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தண்ணீரை விடும், நிறுத்தும். அங்கே அந்த உள் பாகத்தையே முழுசாக மாற்ற வேண்டும். பற்களின் எண்ணிக்கை, உயரம் இரண்டும் பொருந்த வேண்டும். அதனால்தான் அந்த அம்மாள் மாதிரி பழசைக் கையில் கொண்டுபோகச் சொல்கிறேன்.

குழாய் சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால் டெஃப்லான் டேப். இந்த வெள்ளை டேப் ஒட்டாது, ஒட்டத் தேவையும் இல்லை. மரை இடுக்கில் புகுந்து அடைப்பதுதான் அதன் வேலை. மரை உங்கள் முகத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, கடிகார முள் போகிற பக்கமாக ஏழெட்டுச் சுற்று, இறுக்கமாக. எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயை மாட்டும்போதே உரிந்து வந்துவிடும். இந்தச் சரக்கை 1938இல் ராய் ப்ளங்கெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறு எதையோ தேடப்போய்த் தற்செயலாகக் கண்டுபிடித்தார். தோசைக்கல்லில் பூசுவதும் இதே வஸ்துதான்.

ஆணிக்குத் தடா!

லிங்கிச் செட்டித் தெருவில் நடந்தால் இரும்புக்கு வாசனை உண்டு என்று தெரியும். ஸ்பேனர்கள் சரமாகத் தொங்குகின்றன. ரம்பங்கள், கயிற்றுக் கண்டுகள், கப்பலுக்குப் போடுவார்களோ என்று சந்தேகப்படும் சைஸில் கொக்கிகள். இங்கே ஓர் எட்டு இன்ச் அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வாங்கினால் போதும். பதினாறு ஸ்பேனர் கொண்ட செட்டைக் கடைப்பையன் பளபளவென்று பிரித்துக் காட்டுவான். மயங்காதீர்கள். உங்களுக்கு லாரி ஷெட் வைக்கும் உத்தேசம் இருந்தால் ஒழிய, ஒன்று போதும்.

‘சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது’ என்பது சென்னை ஹவுஸ் ஓனர்களின் முதல் கட்டளை. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆணி சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது. பூச்சு பெயர்கிறது. இரண்டு மாசத்தில் ஆணி ஆடி, மாட்டின கண்ணாடி தரையில். அதற்குப் பதில் கிரிப் போடலாம். ஆர்டூர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் 1958இல் கொண்டுவந்த நைலான் பிளக்கின் வம்சம் இது. சின்ன ஓட்டை போட்டு, கிரிப்பை உள்ளே தட்டி, ஸ்க்ரூவை முடுக்கினால், கிரிப் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஆறு மில்லிமீட்டர் கிரிப்புக்கு ஆறு மில்லிமீட்டர் ஓட்டை. ஆழம் மட்டும் கிரிப்பைவிட ஒரு நூல் அதிகம். டிரில் மிஷின் வாங்க வேண்டாம். ஆபீஸில் யாரோ ஒரு புண்ணியவான் ஆன்லைனில் வாங்கி, பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பான். ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ ஓட்டை போடவே போடாதீர்கள். வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். வீட்டைக் காலி பண்ணும்போது ஓட்டையில் கொஞ்சம் ஒயிட் சிமென்ட் அல்லது வால் புட்டியைக் குழைத்து அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால், ஓனர் பூதக்கண்ணாடி கொண்டுவந்தால்தான் தெரியும்.

செலவே இல்லாத சில்லறை வைத்தியங்கள்

காலால் நடந்த அலுப்புக்கு ஒரு கடைத் திண்ணையில் ஒதுங்கியபோது அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டதும், நண்பர்கள் வீடுகளில் பார்த்ததுமாக இந்தப் பட்டியல்:

கதவு கிறீச்சிடுகிறதா? தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசுக்காகி, தூசியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதுவும் இல்லையா, கீல் ஊசியை உருவி மெழுகுவர்த்தியால் தேய்த்து மறுபடி செருகுங்கள்.

சாவி முரண்டு பிடித்தால் பென்சில் முனையைச் சாவிப் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலு தடவை பூட்டித் திறக்கவும். பென்சிலின் கிராஃபைட் நல்ல உலர் மசகு. எண்ணெய் விட்ட பூட்டு தூசியில் இறுகும். பென்சில் தேய்த்த பூட்டு இறுகாது.

மழைக்காலத்தில் உப்பிய கதவு நிலையில் இடித்தால், உடனே இழைப்புளி தேடி ஓடாதீர்கள். நிலை ஓரத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை ஒருமுறை சாத்தித் திறங்கள். கதவில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டால் போதும். ஒரேயடியாக இழைத்தால் கோடையில் மரம் சுருங்கி, இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டு டி.வி. தெரியும்.

உபயோகிக்காத பாத்ரூமில் துர்நாற்றமா? பினாயில் பாட்டிலைத் தேடாதீர்கள். ஓட்டையில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே பைப் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்க வேண்டும். அது வறண்டால் வாசல் திறந்த மாதிரிதான். இந்த வளைவுக்கு 1775இல் பேட்டன்ட் வாங்கிய அலெக்ஸாண்டர் கம்மிங் தொழிலால் கடிகாரக்காரர்! ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும்போது வீடு நாறுவதன் ரகசியம் இதுவே.

ஃபேன் றெக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை. றெக்கை மேல் உறையை மாட்டி, இரு பக்கமும் அழுத்தி இழுத்தால், தூசி முழுக்க உறைக்குள். உங்கள் தலைமேல் ஒரு பொட்டுகூட விழாது. ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இது லட்சுமண ரேகை!

துடைத்தும் ஃபேன் மெதுவாகவே சுற்றினால் பெரும்பாலும் கண்டென்ஸர் தளர்ந்திருக்கும். சாதாரண சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் சின்ன டப்பா அது. (புது பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது.) என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டேன். டப்பாவைக் கையில் கொடுத்தவர், உடனே விட்டுவிடவில்லை. ‘வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கா சார்?’ என்றார்.

நல்ல கேள்வி. மெயின் போர்டில் ‘30 மில்லி ஆம்ப்’ என்று எழுதி, ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சோதனைப் பட்டன் வைத்த ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குக் கசிய ஆரம்பித்தால் கண் மூடித் திறப்பதற்குள் லைனைத் துண்டிப்பது அதுதான். சாதாரண எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. இந்த வித்தியாசம் எத்தனை ஆபீஸ் ஆசாமிகளுக்குத் தெரியும்?

ஆகவே கோடு இங்கே கிழிக்கப்படுகிறது. பல்பு மாற்றலாம். ஃபேன் துடைக்கலாம். கண்டென்ஸர் வாங்கி வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம். போர்டைத் திறப்பது, கீசர், மோட்டார், ஈரக் கையோடு எதுவானாலும்... வேண்டாம். கேஸ் அடுப்பு ட்யூபில் எம்-சீல் ஒட்டும் வீரர்களுக்கும் இதே உத்தரவு. தண்ணீரில் தப்பு செய்தால் தரை நனையும், துடைத்துக்கொள்ளலாம். கரண்ட்டும் கேஸும் துடைக்க ஆளை மிச்சம் வைக்காது.

வரவு செலவு

என் சனிக்கிழமைக் கணக்கு இதோ. கடைக்குக் கடை விலை முன்னே பின்னே இருக்கும்.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் 260 ரூபாய். இரண்டு முனை ஸ்க்ரூ டிரைவர் 90. டெஸ்டர் 45. ஆக மூலதனச் செலவு 395 ரூபாய். டெஃப்லான் டேப் இரண்டு 30. வாஷர் ஆறு 30. எம்-சீல் 40. உப்புத்தாள் மூன்று 45. கிரிப்பும் ஸ்க்ரூவும் 40. ஆக நடைமுறைச் செலவு 185 ரூபாய். மொத்தம் 580. ஒரு சினிமாவுக்கு நண்பனோடு போய், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கினால் ஆகிற காசு. பாப்கார்ன் அன்றைக்கே தீர்ந்துவிடும். ஸ்பேனர் உங்கள் பிள்ளை காலம்வரை இருக்கும்.

கணக்கை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சாக்குப் பையோடு ஒருவர். பைக்குள்ளிருந்து பைப் ரெஞ்ச் எட்டிப் பார்த்தது. பிளம்பர். விட்டுவிடுவேனா?

‘அண்ணே, நாங்களே வாஷர் மாத்திக்கிட்டா உங்க பொழப்பு கெட்டுடாது?’

டீயை உறிஞ்சிவிட்டு மெதுவாகச் சொன்னார். ‘நீங்க மாத்திக்கினா புண்ணியமாப் போவும் சார். ஒரு வாஷருக்கோசரம் திருவான்மியூர் வரைக்கும் வந்தா அரை நாள் காலி. வேற வேலைக்கு அன்னிக்குப் போவ முடியாது. அதுக்கு முந்நூறு ரூபா கேட்டா, ‘அஞ்சு ரூபா ரப்பருக்கு முந்நூறா?’ன்னு திருடனப் பாக்கற மாதிரி பாப்பாங்க. அதுக்கே யாரும் வர்றதில்ல. சின்ன வேலைய நீங்க செய்யுங்க. செவுத்துக்குள்ள பைப் ஒடைஞ்சா எங்களக் கூப்புடுங்க. அப்ப பேரம் பேசாதீங்க, அவ்ளோதான்.’

நியாயம்தானே? பி.காம். பாஷையில் சொன்னால், நாம் இத்தனை நாளும் ரப்பருக்கு மட்டும் பில் கேட்டோம். அவர் கையிலிருந்த இருபது வருஷத்துக்கு எந்தக் காலத்திலும் வவுச்சர் போடவில்லை. ஒரு தடவை பாத்ரூம் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துருப்பிடித்த குழாயோடு மல்லுக்கட்டி, விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, வாஷர் மாற்றிப் பாருங்கள். அதற்கப்புறம் எந்தப் பிளம்பரிடமும், எந்தத் தச்சரிடமும், எந்த எலக்ட்ரீஷியனிடமும் ‘இதுக்குப் போய் இவ்வளவா?’ என்று கேட்க நாக்கு எழாது. மிச்சமாகும் முந்நூறு ரூபாயைவிட, எழாத அந்த நாக்குதான் இதில் பெரிய லாபம்.

பெஞ்சை விட்டு எழுந்திருக்கும்போது அந்தப் பிளம்பர், ‘சார், ஒரு நிமிஷம்’ என்று நிறுத்தி, ‘கேட் வால்வ மூடிட்டுக் கழட்டுங்க, மறந்துடாதீங்க!’ என்றார். தொழில் ரகசியத்தை இலவசமாகக் கொடுத்தவரின் டீக்கு நான் காசு கொடுத்தேன். பேரம் பேசவில்லை.